விளம்பரத்துக்குப் பிறகு சொல்கிறேன்

கொழும்பிலிருந்து படம் எடுக்கும் தம்பி ஒருவர் போன மாதம் என்னைத் தேடி வந்தார். சில வருடங்களுக்கு முன் புத்தளத்தில் இரண்டு கேபிள் தொலைக்காட்சிகளில் சிறுவர் நிகழ்ச்சி நடத்திய இருவர் கீரியும் பாம்புமாக இருந்த கதையை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அதை நகைச்சுவைப் படமாக எடுக்கப் போகிறாராம். அந்த இருவரில் ஒருவன் நான்.

நான் 'டீவி சாச்சா'. பாலாவிச் சந்தியில் ஒரு கடையின் மேல்மாடிதான் எங்கள் நிலையம். கீழே லொறி போனால் கெமரா ஆடும். மற்றவன் 'கரடி மாமா'. என்னோடு அதே அறையில் வேலை செய்தவன், எதிர்க் கேபிளுக்குப் போய் அதே நாலரை மணிக்கு அதே மாதிரி நிகழ்ச்சியைத் தொடங்கினான். துரோகி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அந்தச் சொல்லை முழுதாகத் திருப்பி எடுக்க இன்றும் மனம் வரவில்லை.

பிறந்தநாள் வாழ்த்துத்தான் இருவருக்கும் பிழைப்பு. பெற்றோர் பிள்ளையின் படத்தோடு கடிதம் அனுப்புவார்கள். பரிசை வீட்டில் எங்கே ஒளித்து வைத்திருப்பார்கள் என்று கடைசி வரியில் இருக்கும். நான் சாப்பாட்டுக் கோப்பை அளவுக்குப் பெரிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கெமராவுக்குள் எட்டிப் பார்ப்பேன். "ஓம், உங்கட வீடு தெரியுது. அலுமாரிக்கு மேல பாருங்க மகள்." பிள்ளை ஓடிப் பார்க்கும், பரிசு இருக்கும். நான் எல்லா வீட்டையும் பார்ப்பதாகப் பிள்ளைகள் நம்பினார்கள். டீவி இருக்கும் அறையில் மகள் உடுப்பு மாற்ற மாட்டாள் என்று ஓர் உம்மா என்னிடம் சொன்னார். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. அதில் பயப்பட ஏதாவது இருக்கிறதென்று தோன்றவேயில்லை.

கரடி மாமா என்னை முந்தினான். பரிசைப் பக்கத்து வீட்டில், சந்திக் கடையில், மாமரத்தில் ஒளிக்கச் சொன்னான். பிள்ளைக்குப் பின்னால் தெருவே ஓடியது. எங்கள் முதலாளி ஒரு நாள், "புள்ளைகள் எல்லாம் அந்தப் பக்கம் போகுது. அடுத்த மாசம் வரைக்கும் பாப்பம்" என்றார். எனக்கு மூன்று பிள்ளைகள். கண்ணாடி போட்டு எட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு தொழிலும் தெரியாது.

அதனால் ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். முதலில் பிழையான இடத்தைச் சொல்வேன். உடனே, "அங்கதானா? விளம்பரத்துக்குப் பிறகு சொல்றன்" என்று நிறுத்துவேன். ஒருவரும் அலைவரிசையை மாற்றமாட்டார்கள். விளம்பரம் முடிந்ததும் சரியான இடத்தைச் சொல்வேன். சில வாரம் நன்றாகவே ஓடியது. இதுவரை கேட்டுவிட்டு அந்தத் தம்பி விழுந்து விழுந்து சிரித்தார். மிச்சத்தை நான் அவருக்குச் சொல்லவில்லை.

கரைத்தீவிலிருந்து ஏழு வயது மகளுக்காகப் பெற்றோர் எழுதிய கடிதம் ஒன்று வந்தது. பரிசு பெரிய கதிரைக்குப் பின்னால் என்று எழுதியிருந்தது. வாப்பா களப்பில் மீன் பிடிப்பவர் என்றும் இருந்தது. நான் கண்ணாடியைப் போட்டேன். "வாப்பாட தோணிக்குள்ள என்னமோ மினுங்குது மகள். பரிசு அங்கதானா? விளம்பரத்துக்குப் பிறகு சொல்றன்."

அன்று விளம்பரம் அதிகம். புடவைக் கடை, சீமெந்து, மறுபடியும் புடவைக் கடை. நான் பிளேன்டீ குடித்தேன். திரும்பி வந்து, "சும்மா சொன்னன் மகள், கதிரைக்குப் பின்னால பாருங்க" என்றேன்.

நன்றி சொல்ல வீட்டிலிருந்து அழைப்பு வருவது வழக்கம். நேரலையில் உம்மாவின் குரல் கேட்டது. "சாச்சா, பரிசு ஈக்கிது. புள்ளயத்தான் காணல்ல."

நான் சிரித்தேன். "ஒளிச்சிருக்கிறா. எனக்குத் தெரியுது. கட்டிலுக்குக் கீழ பாருங்க."

அவர் போய்ப் பார்த்தார். காலடிச் சத்தமும், கட்டில் இழுபடும் சத்தமும் ஊருக்கே கேட்டன. பிறகு திரும்பி வந்து, "இல்ல சாச்சா" என்றார். தோணி ஞாபகம் வந்தது. கண்ணாடியைக் கழற்றி எழுந்தேன்.

மோட்டார் சைக்கிளில் கரைத்தீவுக்குப் போனேன். தோணி கரையில் இல்லை. கட்டியிருந்த கயிறு தண்ணீரில் கிடந்தது. காற்று கரையிலிருந்து களப்பை நோக்கி வீசிக்கொண்டிருந்தது. இரண்டு எஞ்சின் போட்கள் தேடிப் போயிருந்தன, வாப்பா அவற்றில் ஒன்றில். பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். தலை மட்டும் இல்லாத கரடி உடுப்பு.

"தோணி எண்டு நீ சொன்னத எங்கட விளம்பர நேரத்தில நானும் பாத்தன்" என்றான் கரடி மாமா. சண்டை பிடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பொழுது சாய்ந்து, மஃரிப் தொழுகைக்குச் சற்று முன் கொண்டுவந்தார்கள். பிள்ளை வாப்பாவின் தோளில் இருந்தது. பிறந்தநாள் சட்டை நனைந்திருந்தது. உயிரோடு இருந்தது.

என்னை அடையாளம் கண்டுகொண்டு கேட்டது. "சாச்சா, நீங்க என்னப் பாத்துக்கிட்டா இருந்தீங்க?"

வாப்பா என்னைப் பார்த்தார். உம்மா பார்த்தார். கரடி மாமாவும் பார்த்தான். 'இல்லை' என்று சொன்னால் என் நிகழ்ச்சி அன்றோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். அந்த நேரத்திலும் அதைத்தான் நினைத்தேன்.

"ஓம் மகள்" என்றேன்.

பிள்ளை வாப்பாவின் தோளிலிருந்து தலையை நிமிர்த்தியது. பிறகு கேட்டது.

"நான் தோணியில இருந்து உங்களுக்கு எவ்வளவு நேரம் கை காட்டினன். ஏன் ஒருத்தருக்கும் சொல்லல்ல?"