எட்டு வயதுக்கு என்ன செலவு

"எட்டு வயசுக் குழந்தை, மேடம். எவ்வளவு சாப்பிட்டுடப் போகுது?"

சமரச மையத்தில் என் கணவரின் வக்கீல் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. நாங்கள் பிரிந்தாயிற்று, மகள் என்னோடு இருக்கிறாள், அவளுக்காக அப்பா மாதாமாதம் எவ்வளவு தர வேண்டும் என்பதுதான் அன்றைய பேச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோயில் யானைக்கா தீனி கேட்டேன்?

என் கணவருக்கு ஒரு மென்பொருள் கம்பெனியில் பெரிய பதவி. அடையாறில் ஆற்றைப் பார்த்தாற்போல் ஃபிளாட். நான் மேற்கு மாம்பலத்தில் என் அப்பா அம்மாவின் சின்ன வீட்டுக்கே திரும்பிவிட்டேன். தி. நகரில் ஒரு ஜவுளிக்கடை அலுவலகத்தில் எனக்கு வேலை. அவர் காட்டிய வருமானத்தில் அடிப்படைச் சம்பளம் மட்டும்தான் இருந்தது. போனஸும் ஷேரும் நிச்சயமில்லாத வருமானமாம். அந்த நிச்சயமில்லாத வருமானத்தில் புதுக் கார் மட்டும் நிச்சயமாக வந்து வாசலில் நின்றது.

"குழந்தைக்கு எவ்வளவு சோறு வேணுங்கறது பேச்சே இல்லம்மா. அப்பா எப்படி வாழறாரோ, அதுல அவளுக்கும் பங்கு உண்டு" என்று மயிலாப்பூரில் என் வக்கீலம்மா சொல்லியிருந்தார். அதைத்தான் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் அவளுக்குத் தனி அறை, ஏசி, மேஜை. திங்கட்கிழமை எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம். நீச்சல் வகுப்பை ஏற்கெனவே நிறுத்தியாயிற்று. அவர் தருவதாகச் சொன்ன தொகையில் வரும் ஜூனில் பள்ளிக்கூடத்தையும் மாற்ற வேண்டியதுதான்.

பேச்சு நகரவில்லை. சமரசம் பேச வந்த பெரியவர் நல்ல மனிதர். வெளியே பெஞ்சில் இருந்த மகளை உள்ளே கூப்பிட்டு, ஒரு தட்டு கிரீம் பிஸ்கட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"உனக்கு என்னம்மா வேணும்? தயங்காம சொல்லு."

"ஒண்ணும் வேண்டாம் அங்கிள். தேங்க்ஸ்."

வக்கீல் சிரித்தார். "பாத்தீங்களா சார்? குழந்தையே திருப்தியாத்தான் இருக்கா."

திருப்தியாம்! எங்கள் தெருவில் எந்த வீட்டுப் பிள்ளையைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லும். அடுத்தவர் வீட்டில் எதை நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்; வயிறு கத்தினாலும் சொல்ல வேண்டும். வேணுங்கிறதை நம் வீட்டு மனிதர்களிடம் கேட்டுக்கொள்ளலாம். கே.கே. நகரில் என் கணவரையும் அப்படித்தான் வளர்த்தார்கள். பெண் பார்க்க வந்த அன்றைக்குக் காபி வேண்டவே வேண்டாம் என்று அடம்பிடித்துவிட்டு, அப்புறம் இரண்டு டம்ளர் குடித்த மனிதர் அவர். அந்த "வேண்டாம்" என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் ஃபோனைத் தடவிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தார். வக்கீல் கூலிக்குப் பேசுகிறவர், அவரை விடுங்கள். பெற்றவருக்கு என்ன கேடு?

என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"சார், வெளி மனுஷங்க யார் கேட்டாலும் அவ அப்படித்தான் சொல்லுவா. நாங்க வளர்த்த லட்சணம் அது. இதோ உட்கார்ந்திருக்காரே, இவரையே கேட்கச் சொல்லுங்க. பெத்த அப்பா கேட்டா மனசுல இருக்கறதைச் சொல்லுவா."

மேஜை கேட்பாள், பள்ளிக்கூடத்தைச் சொல்வாள் என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை. அவர் ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு அவள் பக்கம் குனிந்தார்.

"சொல்லுடா கண்ணா. என்ன வேணும் உனக்கு? அப்பாகிட்ட சொல்லு."

அவள் தட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் வேண்டாம்ப்பா. தேங்க்ஸ்."

வக்கீல் மறுபடியும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் கணவர் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் முகம் செத்துப் போயிருந்தது. அந்த அறையில் அந்தப் பதிலின் அர்த்தம் முழுசாகத் தைத்தது எங்கள் இரண்டு பேருக்குத்தான். தன் வக்கீலிடம், "போனஸ், ஷேர் எல்லாத்தையும் சேர்த்தே கணக்குப் போடுங்க. ஸ்கூலை மாத்த வேண்டாம்" என்றார், யாருக்கோ நடப்பதைச் சொல்வது போல.

இதை முதல் நாளே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? எத்தனை வாய்தா, எத்தனை அரை நாள் லீவு! குழந்தையை அந்த நாற்காலியில் உட்கார வைத்து அதன் வாயைக் கிண்டினால்தான் இவருக்கு உறைக்குமா? கேட்டது கிடைத்தும் என் ஆத்திரம் ஆறவில்லை. கையெழுத்துப் போடும்போது பேனாவை அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது.

வெளியே வந்து ஆட்டோ பிடித்தோம். வண்டி கிளம்பியதும் மகள் என் மேல் சாய்ந்துகொண்டாள்.

"அம்மா, ரொம்பப் பசிக்குதும்மா. அந்த பிஸ்கட் நல்லா இருந்திருக்கும், இல்ல?"