ஈரத் தலை

காரின் பின் ஆசனத்தில் தலை சாயும் இடத்தைத் துவாயால் துடைத்துவிட்டு, அந்தத் துவாயை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தார் கார்க்கார அண்ணை. எனக்கு அருவருப்பாக இருந்தது. அந்த ஆசனத்தில் இருந்து வந்தவர் பெரியாஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் இறந்து அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை.

"பிள்ளை, இது வேர்வை இல்லை. சவர்க்காரம் மணக்குது" என்றார்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். அச்சுவேலிப் பக்கம் ஒரு சிறிய சிகிச்சை நிலையத்தில் நான் தாதியாக இருந்தேன். எங்களிடம் அம்புலன்ஸ் இல்லை. யுத்தத் தடையால் பெற்றோலும் வராத காலம். தன் பழைய வாடகைக் காரை மண்ணெண்ணெயில் இரும இரும ஓட்டி, அவசர நோயாளிகளை அண்ணைதான் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோவார். நான் பின்னால் நோயாளியோடு இருப்பேன். மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் என்னால் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். அஸ்பிரின் குளிசையைச் சப்பி விழுங்கக் கொடுப்பேன். பிறஷர் இடம் கொடுத்தால் நாக்குக்குக் கீழே வைக்கும் குளிசை. பிறகு சாய்ந்திருக்கச் செய்து, அசையவிடாமல் பார்த்துக்கொள்வேன். மிச்சத்தைக் கோயிலில் இருக்கும் கந்தசுவாமியார் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அண்ணைக்கு எதையும் துருவிக் கேட்காவிட்டால் சோறு இறங்காது. நெஞ்சு அடைக்கிறது என்று வருகிறவர்களில் சிலருக்கு ஏன் தலை ஈரம் என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. அந்த மனிதரின் செத்தவீட்டுக்கே போய், "கடைசியா எப்ப முழுகினவர்?" என்று மகனிடம் கேட்டிருக்கிறார். அடி விழாதது அவருடைய அதிர்ஷ்டம். ஆனால் பதில் கிடைத்தது. காருக்கு ஆள் அனுப்பிவிட்டு, அது வருவதற்குள் கிணற்றடிக்குப் போய் ஏழெட்டு வாளி அள்ளி முழுகி, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு காத்திருந்தாராம்.

அதைக் கேட்டதும் எனக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. எங்கள் ஆட்கள் பெரியாஸ்பத்திரிக்கு இருந்த கோலத்தில் போகமாட்டார்கள். டொக்டர் சேட்டு, பெனியனைக் கழற்றச் சொல்லுவார், வார்டில் நாலு சனம் பார்க்கும். அதனால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாவது முழுகிவிட்டுத்தான் வருவார்கள். ஆழக் கிணற்றிலிருந்து கயிற்றால் தண்ணீர் இழுப்பது நல்ல இதயத்துக்கே வேலை. நெஞ்சு நோ எப்போது தொடங்கியது, கைக்கு இறங்குகிறதா, தாடைக்கு ஏறுகிறதா என்றெல்லாம் கேட்கப் படித்திருந்த நான், "அதுக்குப் பிறகு என்ன செய்தனீங்கள்?" என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. முழுகியதால்தான் அவர் இறந்தார் என்று இன்றும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அன்றிலிருந்து நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அண்ணையோ ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் கிணற்றடியைத்தான் எட்டிப் பார்ப்பார்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் அந்தப் பிழையைச் செய்தேன். ஒரு காலை, அப்பா வெங்காயத் தோட்டத்திலிருந்து பாதியில் திரும்பி வந்தார். முகம் சாம்பல் நிறம். பொத்திய கையை நெஞ்சின் நடுவில் வைத்திருந்தார். "நோ இல்லைப் பிள்ளை, பாரமாக்கிடக்கு. வாய்வுதான்" என்றார். எனக்கு விளங்கிவிட்டது. குளிசையைச் சப்பக் கொடுத்தேன், பக்கத்து வீட்டுப் பெடியனை அண்ணையிடம் அனுப்பினேன். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். பிறகு அவர் இடுப்பில் கட்டியிருந்த, சேறு படிந்த, கிழிந்த சாறம் கண்ணில் பட்டது. பெரியாஸ்பத்திரி வார்டில் என்னோடு படித்தவர்கள் இருந்தார்கள். "அப்பா, கார் வாறதுக்கிடையிலை மேலைக் கழுவி வேட்டியை மாத்துங்கோ" என்று என் வாயாலேயே சொன்னேன். அவரும் அதற்காகவே காத்திருந்தவர் போல எழும்பிக் கிணற்றடிக்கு நடந்தார்.

அண்ணை வந்தபோது அப்பாவின் கையில் கயிறு. வாளி பாதிக் கிணற்றில். அண்ணை ஓடிப்போய்க் கயிற்றைப் பறித்துக் கிணற்றுக்குள்ளேயே விட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீயுமோ பிள்ளை? அங்கை ஆர் உன்ரை கொப்பரின்ரை சாறத்தைப் பாக்கப் போகினம்? கதிரையைக் கொண்டு வா!"

அப்பாவைக் கதிரையில் இருத்தி, கதிரையோடு தூக்கிக் காருக்குக் கொண்டுபோனோம். வழி முழுக்க அவருடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். நாடி இடைக்கிடை தவறித் தவறி ஓடியது. வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததும் இல்லை, அவ்வளவு வெட்கப்பட்டதும் இல்லை.

இப்போது ஒரு தொலைபேசி அழைப்பில் அம்புலன்ஸ் வாசலுக்கு வருகிறது. இதயத்தைப் பதிந்து காட்டும் கருவியும் அதில் இருக்கிறது. ஆனாலும், "கொஞ்சம் பொறுங்கோ, ஐயா உடுப்பு மாத்துறார்" என்று வாசலில் காக்க வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன என்று அதில் வேலை செய்யும் பெண் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பா பிழைத்தார். ஆனால் என்னை மன்னிக்கவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணி வருவதற்கு முன் முறைப்பாடு வந்துவிடும். "சேத்துச் சாறத்தோடை என்னைப் பெரியாஸ்பத்திரியிலை கொண்டுபோய்க் கிடத்தினவள் இவள்! முழு வார்டும் பாத்தது!" ஒன்பது வருடம் அதையே சொன்னார். ஒரு தரம்கூட எனக்கு அலுத்ததில்லை.