வசந்தா மிஸ் சொல்லாமல் போன "நான்தான்"

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது, நம் பள்ளி ஆசிரியர்களின் இந்த வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: வசந்தா மிஸ் தவறிவிட்டார். நீங்கள் எல்லோரும் கைகூப்பிய படங்களாகப் போட்டுக்கொண்டே இருந்தீர்கள். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

பல வருடங்கள் நாங்கள் இருவரும் பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்தோம். அவரைப் போல இலக்கணம் நடத்த ஆளில்லை. அதை மறுத்தால் என் நாக்கு அழுகிவிடும். 'இஸ்', 'வாஸ்' வந்தால் அதன் அடியில் சமக்குறி மாதிரி இரண்டு கோடு போடுவார். "அதுக்குப் பின்னாடி நிக்கிறது வேற ஆள் இல்லம்மா. சப்ஜெக்ட்டே சுத்திக்கினு வந்து நிக்குது. அதனால 'மீ' கிடையாது, 'ஐ'. இட் இஸ் ஐ! நான்தான்னு நெஞ்சை நிமித்திச் சொல்லு" என்பார். வீட்டில் ஏபிசிடி தெரிந்த ஒருவர்கூட இல்லாத பிள்ளைகளும் நிமிர்ந்து நின்று சொல்வார்கள்.

தேர்வுக்கான 'கீ'யை, அதாவது விடைக்குறிப்பை, அவர் சொல்வார், நான் எழுதுவேன். "உன் கையெழுத்து அச்சு மாதிரி இருக்குது மாலா" என்பார். ஓர் அரையாண்டுத் தேர்வின்போது, மிஸ்ஸின் மகளுடைய கல்யாணப் புடவைக்குக் கரை என்ன நிறம் என்று பிள்ளையார்பாளையத்திலிருந்து நெசவாளர் போன்மேல் போன் போட்டார். அவரிடம் பேசிக்கொண்டே மிஸ் எனக்கு விடை சொன்னார்: 'மீ', 'ஹிம்', 'ஹெர்'. 'ஐ', 'ஹீ', 'ஷீ' என்றல்லவா வரவேண்டும் என்று எனக்கு உறுத்தியது. மிஸ் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எழுதிவிட்டேன்.

சரியாக எழுதிய பிள்ளைகளுக்கெல்லாம் மதிப்பெண் போயிற்று. பெற்றோர் திரண்டு வந்தார்கள். தலைமையாசிரியர் விடைக்குறிப்புத் தாளைத் தூக்கிக் காட்டி, "யாரு போட்டது இது?" என்றார். நான் மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "கையெழுத்து மாலாவோடது சார்" என்றார்.

பத்தாம் வகுப்பை என்னிடமிருந்து எடுத்து, ஆறாம் வகுப்பைக் கொடுத்தார்கள். மறுநாள் எனக்குப் பிடிக்குமென்று மிஸ் கோயில் இட்லி கொண்டுவந்தார். நானும் மானங்கெட்டுத் தின்றேன். இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுவார், நாளைக்குச் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன்.

செய்தி வந்த செவ்வாய்க்கிழமை மாலை மிஸ் வீட்டுக்குப் போனேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தக் கீ விஷயத்துல உங்க வேலையைக் காப்பாத்த அம்மா எவ்ளோ பாடுபட்டாங்க ஆன்ட்டி! சொல்லிக்கினே இருப்பாங்க" என்றாள். நான் மாலையை வைத்துவிட்டு வந்துவிட்டேன். இந்தக் குழுவில் அவள் இல்லை என்பதால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த இரண்டு கோடு. நாளைக்கும் வகுப்பில் அதைத்தான் போடப்போகிறேன். பிள்ளைகளையெல்லாம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லவைத்தவர், எனக்காக ஒரே ஒரு முறை, "நான்தான் சார்" என்று சொல்லியிருக்கலாம்.