பெரியப்பா நடுவில், மாமி பின்னால்: இரத்மலானைக்கு ஒரு ரகர் பயணம்

எண்பத்தேழு சித்திரையில் கொழும்பு புறக்கோட்டை பஸ் நிலையத்தில் குண்டு வெடித்தது. ஆடியில் இந்திய ராணுவம் வந்து இறங்கியது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சனிக்கிழமைதான் நாங்கள் கொட்டாஞ்சேனையிலிருந்து இரத்மலானைக்கு ரகர், அதாவது ரக்பி, ஆடப் போனோம். எனக்கு எழுத வாசிக்க வராது. நான் சொல்ல மகள் எழுதுகிறாள். நேரமும் தூரமும் என் ஞாபகம்.

எங்களுடையது கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, கிராண்ட்பாஸ் ஆட்கள் சேர்ந்த அணி. பாதிப் பேர் நாற்பதைத் தொட்டவர்கள். பந்துப் பையும் தண்ணீர் வாளியும் என் பொறுப்பு.

ஒரு மணிக்கு வான் புறப்பட்டது. வாடகை இருநூற்றைம்பது ரூபா. ஒன்பது கிலோமீட்டர் ஓடி, ஒன்றே முக்காலுக்கு வெள்ளவத்தைச் சந்தையடியில் செல்வத்தை ஏற்றினோம். கிளார்க் வேலை, லொட்ஜ் அறை. மனைவி பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில். பந்து கோட்டுக்கு வெளியே போனால் இரு அணியும் வரிசையாக நிற்கும். எங்களுக்காகப் பந்தை உள்ளே எறிபவர் செல்வம்தான். யாருக்கு எறிகிறார் என்பதை ஒரு சொல்லால் கூவுவார். முதலில் தோசை, வடை என்று கூவிப் பார்த்தோம். எதிரணிச் சிங்களவருக்கு அதெல்லாம் எங்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. ஆகவே உறவுமுறைக்கு மாறினோம். மறந்துவிடும் என்று செல்வம் அதைத் துண்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

தெஹிவளைப் பாலத்தடியில் எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். துண்டு அகப்பட்டது. தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் உரக்க வாசித்தார்: “சித்தப்பா வந்தால் முன்னுக்கு. பெரியப்பா நடுவில. மாமி வந்தால் எல்லாரும் பின்னுக்கு.” நிமிர்ந்து பார்த்தார். “யாரு இந்தப் பெரியப்பா? எங்க இருக்கிறது?”

“இஞ்சதான் நிக்கிறார், ஐயா.” செல்வம் எங்கள் தலைவர் நிமாலைக் காட்டினார்.

“இவர் சிங்களவர். உனக்கு எப்படிப் பெரியப்பா?”

செல்வத்தின் அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். கையைப் பிடித்து ஜீப் பக்கம் கொண்டுபோனார்கள். அந்த நாட்களில் ஜீப்பில் ஏறியவர் எங்கே, எப்போது இறங்குவார் என்று யாருக்கும் தெரியாது. துண்டு பந்து எறியத்தான், விளையாடிக் காட்டுகிறோம் என்று நிமால் சிங்களத்தில் கெஞ்சினார். சரி என்றார்கள்.

மணல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் வரிசை நின்றது: முன்னால் அன்ரன், நடுவில் நிமால், பின்னால் பாரூக். பொலிஸ்காரர் சொல்கிற சொல்லுக்குச் செல்வம் எறிய வேண்டும்.

“மாமி.” பாரூக் துள்ளிப் பிடித்தார். “சித்தப்பா.” அன்ரன் பிடித்தார். செல்வத்தின் எறி பிசகவில்லை. “பெரியப்பா.” பந்து நேராகத்தான் போனது, நிமால் நழுவவிட்டார்.

பொலிஸ்காரர் சிரித்துவிட்டார். “பெரியப்பாவுக்கு வயசு போயிட்டுது. வானில ஏறுங்க, மல்லி.” மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

துண்டைத் திருப்பித் தரவில்லை. மூன்றரைக்கு இரத்மலானை போய்ச் சேர்ந்து, நன்றாகத் தோற்றோம். திரும்பும் வழியில் செல்வமும் வானில் இருந்தார். எங்களுக்கு அது போதும்.

இப்போது போகிறவர்கள் சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் வானில் போன காலி வீதியை நம்ப வேண்டாம், நெரிசல். வெள்ளவத்தையில் ரயில் ஏறி, கடல் பக்க ஜன்னலைப் பிடியுங்கள், இருபது நிமிடம். அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

அன்ரன் போய் எட்டு வருடம், நிமால் போய் ஐந்து. போன நோன்பில் பாரூக்கும் மௌத்தானார். அன்று பாலத்தடியில் விளையாடிக் காட்டியவர்களில் இன்று உயிரோடு இருப்பவர், கல்கிசையில் மகன் வீட்டில், செல்வம்.