பன்னிரண்டு மணி பஸ்ஸில் வந்த அக்கா

வியாழக்கிழமை காலை ஆறு இருபதுக்குப் போன் வந்தது. திரையில் இருதயமேரி அக்காவின் பெயர். அந்த நேரத்தில் கூப்பிட மாட்டாரே என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். ஆண் குரல்.

"தங்கச்சிங்களா பேசுறது? நான் கீழ்வீட்டு நஸ்ருல்லாங்க. பால் பாக்கெட் எடுக்காம வாசல்லயே கெடந்துச்சு. கூப்பிட்டுப் பாத்துட்டு, கதவ ஒடச்சுத்தான் உள்ள போனோம். அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க. மகனுக்குச் சொல்லிட்டேன். அவருக்கு அடுத்து போன்ல தங்கச்சின்னு இருந்துச்சு. அதான் கூப்பிட்டேன். வாங்க."

நான் அவருக்குத் தங்கை இல்லை. அவர் பாலக்கரையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர். நான் ஸ்ரீரங்கத்து ஐயங்கார் வீட்டுப் பெண். மூன்று வருடத்துக்கு முன்பு வரை ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை.

அக்காவின் கணவர் ஸ்தனிஸ்லாஸ், பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். அவர் இறந்தபோது அக்காவுக்கு அறுபது வயது. ஒரே மகன் ஆசீர் பெங்களூரில். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவதைத் தவிர அக்கா வீட்டைவிட்டு இறங்கவே இல்லை. "பேசாமலே இருந்து இருந்து, ஒருநாள் காய்காரரக் கூப்பிட வாயெடுத்தா குரலே வரல. அன்னைக்குத்தான் பயந்துட்டேன்" என்று பின்னாளில் சொன்னார். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை என்றானதும் அவர் பஸ் ஏறத் தொடங்கினார்.

நான் அப்போது இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து ஓய்வுபெற்றிருந்தேன். கணவர் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. காலையில் டவுன் நூலகத்துக்குப் போய் எதையாவது படித்துவிட்டு, சத்திரம் பஸ் நிலையத்தில் பன்னிரண்டு மணி பஸ் பிடித்து வீடு திரும்புவேன். காவிரிப் பாலத்தில் வேலை நடந்த மாதங்கள் அவை. பஸ் சுற்றுவழியில் போனதால் கால்மணி நேரப் பயணம் வெகுநேரம் இழுத்தது. எல்லோரும் முணுமுணுத்தார்கள். ஜன்னலோரம் இருந்த ஒரு அம்மா மட்டும் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

"நீங்க எங்க இறங்கணும்?" என்று கேட்டேன்.

"எங்கயும் இல்லங்க. ஸ்ரீரங்கம் போயிட்டு இதே வண்டில திரும்பிடுவேன்."

"பெருமாள் சேவிக்கவா?"

"நான் மாதா கோயிலுங்க. வீட்ல இருந்தா சுவரப் பாக்கணும். இங்க மனுசங்களப் பாக்கலாம்."

கண்டக்டர் ஜெய்சங்கர் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக்கொண்டே, "அம்மாவுக்கு டிரைவரவிட சர்வீஸ் ஜாஸ்திங்க. அடுத்த மாசம் பென்ஷன் வந்துரும்" என்றார்.

"மொதல்ல ஒனக்கு வரட்டும் தம்பி. ஸ்டாப்ப விட்டுத் தள்ளித் தள்ளி நிறுத்துற லட்சணத்துக்கு."

பாலம் திறந்த பிறகு அந்தக் கால்மணி நேரம் எங்களுக்குப் போதவில்லை. அக்கா என்னோடு இறங்க ஆரம்பித்தார். வாரத்தில் மூன்று நாள் என் வீட்டில் சாப்பாடு.

"ஏ அனு, இந்தச் சாம்பார்ல ஒரு துண்டு கருவாடு போட்டா உங்க பெருமாள் கோவிச்சுக்குவாரா?"

"பெருமாள் கோவிச்சுக்க மாட்டார் அக்கா. பக்கத்தாத்து மாமி என்னை ஊரவிட்டே அனுப்பிடுவா."

அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை இருந்தது எனக்குப் பல மாதங்கள் கழித்துத்தான் தெரியும். பஸ்ஸின் போர்டை என்னைப் படிக்கச் சொல்வார். கண்ணாடியை மறந்துவிட்டேன் என்பார். ஆபரேஷனுக்குத் தனியாகப் போயிருக்கிறார். கூட ஆள் இல்லாமல் செய்ய மாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மகனிடம் சொல்லவில்லை.

"கண்ணு தெரியலன்னு தெரிஞ்சா அடுத்த நாளே கூட்டிட்டுப் போயிடுவான். நல்ல பையன்தான். ஆனா பதினாலாவது மாடில எனக்கு யாரு இருக்கா? மே மாசம் லீவுக்கு வருவான். அதுக்குள்ள ரெண்டு கண்ணும் சரியாயிட்டா என்னை இங்கயே விட்டுடுவான்."

ஜனவரி கடைசியில் இடது கண்ணுக்கு நான் கூடப் போனேன். படிவம் நிரப்பிய பெண் என்னைப் பார்த்து, "பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும்?" என்றாள்.

"கூட பஸ்ல வர்றவங்க" என்று அக்கா முந்திக்கொண்டார்.

"பஸ்ல வர்றவங்கள எல்லாம் எழுத முடியாதும்மா. சொந்தம் சொல்லுங்க."

"அப்ப தங்கச்சின்னு போடு."

அந்தப் பெண் அக்காவின் கழுத்துச் சிலுவையையும் என் நெற்றியில் இருந்த ஸ்ரீசூர்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்கப்பாவுக்கு ரயில்வேல வேலைம்மா. நெறைய ஊரு மாத்தல்" என்றார் அக்கா, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அன்று மாலையே தன் போனிலும் என் பெயரை அழித்துத் தங்கச்சி என்று மாற்றச் சொன்னார். சொட்டு மருந்தைக் காலையிலும் இரவிலும் நஸ்ருல்லாவின் மனைவி அல்ஃபியா விட்டாள். பகல் வேளை என்னுடையது. பஸ் நிலைய பெஞ்சில் அவர் அண்ணாந்து உட்காருவார். நான் விடுவேன். பஸ் கிளம்பும் வரை கண்ணை மூடிக்கொண்டே பேசுவார்.

அந்த வியாழக்கிழமை மதியம் ஆசீரும் மனைவி ஷெர்லினும் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். நான் சுவரோரம் நின்றிருந்தேன். நஸ்ருல்லா என்னைக் காட்டி, "உங்க சின்னம்மா காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடலங்க" என்றார்.

ஆசீர் என்னிடம் வந்தார். "எங்கம்மாவுக்குத் தங்கச்சி கிடையாதுங்களே. நீங்க?"

பஸ்ஸிலிருந்து ஆஸ்பத்திரி வரை சொன்னேன். கண் ஆபரேஷன் என்றதும் அவர் முகம் சுருங்கியது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலயே."

"சொன்னா கூட்டிட்டுப் போயிடுவீங்கன்னு பயந்தாங்க."

"கூட்டிட்டுத்தான் போயிருப்பேன்" என்றார். பிறகு, "பண்ணின கண்ணு நல்லா தெரிஞ்சுதாங்க?"

"தெரிஞ்சுது. போன வாரம் பஸ் திரும்பும்போதே ஸ்ரீரங்கம்னு போர்டைச் சத்தமாப் படிச்சாங்க. பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது."

கல்லறைத் தோட்டத்தில் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக ஒரு பிடி மண் போட்டார்கள். நான் பின்னால் ஒதுங்கியிருந்தேன். ஆசீர் கூட்டத்தைத் தாண்டி வந்து என் கையைப் பிடித்தார். "வாங்க சின்னம்மா."

ஈர மண். கையிலிருந்து முழுதாக விழாமல் விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டது.

வலது கண்ணுக்கு மார்ச் பதினேழாம் தேதி காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வர மாட்டோம் என்று ஆஸ்பத்திரிக்கு நான் இன்னும் போன் செய்து சொல்லவில்லை.