தூக்குவாளிக்குள் அல்ஃபே

அல்ஃபே என்ற பெயரை ஒடில் முதன்முதலில் கேட்டது அவளுடைய பத்தொன்பதாவது வயதில், ரோசேர் பெண் கேட்டு வந்துவிட்டுப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவனுடைய பழைய லாரி ஆற்றோரத் திருப்பத்தில் மறைவதற்குள் அம்மா உறவுமுறை பிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

“யாரு பையன்? தெனியோட மகன், ஜோவோட பேரன். ஜோவோட அக்காவைத்தான் உன் பெரியப்பன் வீட்டுல கட்டினது. குடும்பத்துல குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஒரே ஒரு குறைதான். அல்ஃபேன்னு ஒரு தம்பி இருக்கான். ஆம்பளப் பிள்ளை, அடுப்படியில நின்னு மாவு பிசையறானாம்.”

அம்மா அதைக் குறையாகத்தான் சொன்னாள். ஒடிலின் காதில் அது சீதனமாக விழுந்தது. அவள் சுட்ட ரொட்டி ஒன்றைக் கொட்டகைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அவளுடைய அப்பா முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். மழைக்காலம் முழுக்க அது கரையவில்லை. மாவு பிசைகிற கொழுந்தன் இருக்கிற வீடு என்றதும் அன்று சாயங்காலமே சம்மதம் சொல்லிவிட்டாள். ரோசேரின் தோளையும் மீசையையும் பார்த்து மயங்கியதாக அவன் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறான். இருக்கட்டும்.

அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்தின் வடகோடி. ஆற்றைத் தாண்டினால் கனடா. இந்தக் கரையில் கண்ணுக்கு எட்டியவரை உருளைக்கிழங்கு. செப்டம்பர் பாதியில் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு மூன்று வாரம் பிள்ளைகளை வயலுக்கு அனுப்பிவிடுவார்கள். வாத்தியாரம்மாவும் கூடவே குனிந்து பொறுக்குவார். பெரியவர்கள் பொறுக்கிப் பீப்பாயில் நிரப்புவார்கள். சிறுசுகள் கூடையில் பொறுக்கிக் கொண்டுவந்து கொட்டும்.

அல்ஃபேவின் வேலை பீப்பாய் லாரி ஓட்டுவது. ஆறடி உயரம், நிறைந்த பீப்பாயை ஒற்றை ஆளாகப் புரட்டிவிடுவான். ஆனால் எதிரே ஒரு பெண்பிள்ளை வந்து “குளிர் அதிகம் இல்ல?” என்று கேட்டுவிட்டால் காது இரண்டும் பீட்ரூட் ஆகிவிடும். முப்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. அறுவடை வந்தால் வீட்டை விட்டுக் கிழங்குக் கிட்டங்கியில் போய்த் தங்கிக்கொள்வான், அந்த நாட்களில் வீட்டில் ரொட்டி சுடுவது ஒடில்தான். கிழங்கு பனியில் உறைந்துவிடாமல் இருக்க அங்கே ஓர் இரும்பு அடுப்பு எரியும். காவலுக்கு என்று சொல்லிக்கொள்வான். மாவு டப்பாவும் சர்க்கரை மூட்டையும் எதற்குக் காவலுக்குப் போகின்றன என்று யாரும் கேட்டதில்லை.

அறுபத்தொன்றாம் வருஷத்து அறுவடைக்கு லொரேன் வந்தாள். மரம் வெட்டப் போன இடத்தில் புருஷனைப் பறிகொடுத்துப் பத்து மாதம் ஆகியிருந்தது. நொயெல்லா என்று ஒன்பது வயதில் ஒரு பெண். தெற்கே கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கிற அக்கா தொழிற்சாலையில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தாள். அறுவடை முடிந்த திங்கட்கிழமை பஸ். அதற்கு டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது.

வயலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு வயல்காரர் வீட்டிலிருந்தே மத்தியானச் சாப்பாடு போவது ரோசேர் வீட்டு வழக்கம். எட்டுப் பிள்ளைகளுக்கு எட்டுத் தூக்குவாளி. ஒடில் கட்டுவாள், அல்ஃபே லாரியில் எடுத்துப்போய் வரப்போரம் வரிசையாக வைப்பான். ஒடில் கட்டியது என்னவென்றால், பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டி, அவித்த முட்டை, ஓர் ஆப்பிள். திங்களும் அதுதான், சனியும் அதுதான். மற்ற ஏழு பிள்ளைகளும் பசிக்குத் தின்றன. நொயெல்லாவின் வாளி மட்டும் முதல் வாரம் முழுக்கப் போனபடியே திரும்பி வந்தது. அப்பன் போனதிலிருந்து அந்தப் பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை என்று லொரேன் அழுதாள். ஒடிலும் அதை நம்பி ஆறுதல் அடைந்தாள். தன் ரொட்டி காரணமாக இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

இரண்டாவது வாரத்தில் நொயெல்லாவின் வாளி காலியாக வந்தது. அதற்கடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் படியில் இறங்கும்போது லொரேன் ஓடிவந்து ஒடிலின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“ஒடில் அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. என் பொண்ணு சாப்பிடுறா. கிராம்புல கண்ணு வெச்சு, டர்னிப்புல தொப்பி போட்டு ஒரு முட்டை அனுப்பினீங்களே, அத வீட்டுக்குக் கொண்டுவந்து எனக்குக் காட்டிட்டுத்தான் தின்னா. ஆப்பிளுக்குள்ள மேப்பிள் மிட்டாய ஒளிச்சு வெச்சது, சோளப்பொரி உருண்டைக்கு மீசை வெச்சது... எங்கேருந்து வருது உங்களுக்கு இந்த யோசனையெல்லாம்?”

ஒடில் வாயைத் திறந்தாள். ‘நான் இல்லையே’ என்று சொல்லத்தான் திறந்தாள். ஆனால் பக்கத்துப் படியில் ஜெர்மேன் நின்றுகொண்டிருந்தாள். ஊரில் கல்யாணமா, இழவா, எதுவானாலும் முதலில் தீர்ந்துபோவது ஜெர்மேன் சுட்டுக் கொண்டுவருகிற ஆப்பிள் பை. கடைசிவரை தட்டில் கிடப்பது ஒடிலுடையது. ஜெர்மேனின் புருவம் மேலே போவதைப் பார்த்ததும் ஒடிலின் நாக்கு தன்பாட்டுக்குப் புரண்டது.

“அட, அதென்ன பெரிய வேலை. பிள்ளைங்க சந்தோஷப்பட்டா சரி.”

“அந்தப் பூசணி பிஸ்கட்டுகூட ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா. உருண்டை மூஞ்சி, உச்சியில கொண்டை, வாய மட்டும் திறந்தபடி வெச்சிருந்தீங்களே. பிள்ளைங்க அத வெச்சுக்கிட்டு ஒருமணி நேரம் சிரிச்சுச்சாம்.”

“ஆமாம், அந்தக் கொண்டைக்குத்தான் ரொம்ப மெனக்கெட்டேன்” என்றாள் ஒடில், தன் கொண்டையைச் சரிசெய்துகொண்டே. லொரேனின் பார்வை அந்தக் கொண்டையில் ஒரு கணம் நின்றது. ஜெர்மேன் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு வேகமாகப் படி இறங்கினாள். ஒடிலுக்கு அப்போதும் உறைக்கவில்லை.

அன்று மத்தியானமே கிட்டங்கிக்குப் போனாள். அல்ஃபே ஒரு பலகையில் பிஸ்கட்டுகளைப் பரப்பி, உலர்ந்த திராட்சையால் கண் வைத்துக்கொண்டிருந்தான்.

“தூக்குவாளியில கைவெச்சது நீதானே?”

காது சிவந்தது. “ரொட்டிய நான் தொடல அண்ணி.”

“ரொட்டியப் பத்தி யாரு கேட்டா? யாருக்காக இதெல்லாம்?”

“பிள்ளைங்களுக்கு.”

“எட்டுப் பிள்ளைங்களுக்கா, ஒரு பிள்ளைக்கா?”

“ஒண்ணுக்கு மட்டும் வெச்சா நல்லா இருக்காதேன்னு எட்டுக்கும் வெச்சேன்.” அடுப்பைத் திறந்து ஒரு விறகைச் செருகப் பார்த்தான். அடுப்பு ஏற்கெனவே நிறைந்திருந்தது. “அந்தப் பிள்ளையோட அம்மா... அறுவடை முடிஞ்சு திங்கக்கிழமை போயிட்டா அப்புறம் எங்க அண்ணி பாக்கறது?”

“அவகிட்ட வாயத் திறந்து சொன்னியா?”

“வர்ற சனிக்கிழமை அறுவடையோட கடைசிச் சாப்பாடு நம்ம வீட்டுலதானே? அன்னைக்கு ஒண்ணு புதுசா செஞ்சு, அந்தப் பிள்ளை கையில குடுத்து, நான்தான்னு சொல்லிடுறேன். அப்படியே அவகிட்டயும் கேட்டுடுறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. உங்களக் கும்பிடுறேன்.”

கோயில் படியில் நடந்ததை ஒடில் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வந்தாள். ஆனால் அவனே மூச்சு விடாதே என்று சொல்லிவிட்டானே! அந்த ஆறு நாள் அவள் அந்த ரகசியத்தைக் காத்ததுபோல வாழ்நாளில் வேறு எதையும் காத்ததில்லை. யார் பாராட்டினாலும் தலையைக் குனிந்து சிரித்தாள். புதன்கிழமை ஜெர்மேன் வந்து தொப்பி முட்டைக்குப் பக்குவம் கேட்டாள். அவளே வந்து கேட்டாள்! ஒடில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, இல்லாத பக்குவத்தை அரைமணி நேரம் சொன்னாள். அதன்படி செய்துபார்த்த ஜெர்மேன் மூன்று டஜன் முட்டையைக் கோழிகளுக்கே திருப்பிப் போட்டாளாம்.

சனிக்கிழமை காலை வயலில் அல்ஃபே லாரியை நிறுத்திவிட்டு நொயெல்லாவிடம் குனிந்து, “மத்தியானம் உனக்கு ஒண்ணு வெச்சிருக்கேன்” என்றானாம். அதற்கு அந்தப் பிள்ளை, “ஒடில் அத்தை குடுத்துவிட்டாங்களா? எல்லாம் அவங்கதான் செய்யறாங்கன்னு அம்மாகிட்ட அவங்களே சொன்னாங்க. கனெக்டிகட் போனதும் முதல் கடிதம் ஒடில் அத்தைக்குத்தான்னு அம்மா சொல்லிட்டாங்க” என்றதாம். அல்ஃபே நிமிர்ந்து லாரியில் ஏறிவிட்டான். இதெல்லாம் பிற்பாடு நொயெல்லா சொல்லித்தான் ஒடிலுக்குத் தெரியும். அந்த நேரத்தில் தெரிந்திருந்தால் அடுத்து நடந்த கூத்து நடந்திருக்காது.

பதினோரு மணிக்கு அல்ஃபே பின்வாசல் வழியாக வந்தான். கையில் ஒரு பெரிய பேசின். அதைச் சமையல் மேஜையில் வைத்தான். அண்ணியின் முகத்தை ஒருதரம் பார்த்தான். வந்த வழியே போய்விட்டான்.

இருபத்திரண்டு பேருக்குக் கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஜெர்மேன் வருகிறாள் என்று ஒடில் கண்ணாடியைக் கழற்றி அலமாரியில் வைத்திருந்தாள். கண்ணாடி போட்டால் கிழவி மாதிரி இருக்கிறதாம். பேசினுக்குள் எட்டிப் பார்த்தாள். சின்னச் சின்னக் கிழங்கு, மண்ணும் தானுமாக. ‘நல்லவேளை, குழம்புக்குக் கிழங்கு பத்தாது என்று இவனுக்கு எப்படித் தெரிந்தது?’ என்று மனசுக்குள் வாழ்த்தினாள். லாரியில் குளிரில் கிடந்து அவை கல்லாக இறுகியிருந்தன. குளிர்ந்த தண்ணீரில் ஓர் அலசு அலசினாள். தண்ணீர் கறுத்து ஓடியது. இந்த வருஷம் மண்ணுக்கே என்ன வாசனை என்றுகூட நினைத்தாள். பேசினோடு கவிழ்த்து, மூடி போட்டுவிட்டாள்.

எல்லாரும் உட்கார்ந்து செபம் சொல்லியாகிவிட்டது. முதல் கரண்டி ரோசேருக்கு. வாயில் வைத்தவன் கரண்டியைக் கீழே இறக்கினான்.

“ஒடில், கோழிக்கு ஏதும் பிறந்தநாளா?”

“ஏன்?”

“இனிக்குது.”

ஜெர்மேன் கரண்டி நுனியால் தொட்டு நக்கினாள். “தேங்காய் வேற போட்டிருக்கியா? இது குழம்பா, பாயசமா? முட்டைக்கு நீ சொன்ன பக்குவம் எப்படிப்பட்டதுன்னு இப்பத்தான் புரியுது.”

மேஜையின் அந்தக் கோடியில் நொயெல்லா தன் கிண்ணத்துக்குள் விரலை விட்டு, பாதி கரைந்த ஓர் உருண்டையை வெளியே எடுத்தாள். நக்கிப் பார்த்தாள். பல்லால் கடித்தாள்.

“அம்மா! இது கிழங்கு இல்லம்மா, மிட்டாய்! கிழங்கு மாதிரியே செஞ்சிருக்காங்க. மேல கொக்கோ தடவி, குச்சியால குத்திக் கண்ணு வெச்சு... இங்க பாரு!”

மசித்த உருளைக்கிழங்கில் சர்க்கரையும் தேங்காய்த்துருவலும் போட்டுப் பிசைந்து உருட்டியது. அவ்வளவையும் ஒடில் கோழியோடு சேர்த்து வேகவைத்திருந்தாள்.

லொரேன் மெதுவாகக் கேட்டாள். “ஒடில் அக்கா, நீங்க செஞ்ச மிட்டாய் உங்களுக்கே அடையாளம் தெரியலையா?”

இருபத்தொரு முகம் ஒடில் பக்கம் திரும்பியது. திரும்பாதது ஒன்றுதான். அல்ஃபே தலையைக் குனிந்து அந்தக் குழம்பைத் தின்றுகொண்டிருந்தான். முதல் கிண்ணம் முடிந்து இரண்டாவது போய்க்கொண்டிருந்தது. தலையை நிமிர்த்தாமலே, “அண்ணி வேணும்னுதான் போட்டாங்க. புதுவிதமா இருக்கட்டும்னு” என்றான்.

அவன் கோபப்பட்டிருந்தால் ஒடில் சமாளித்திருப்பாள். சண்டை போடுவது அவளுக்கு ரொட்டி சுடுவதைவிட நன்றாகவே வரும். இவன் காப்பாற்ற அல்லவா பார்க்கிறான்! அவன் கேட்க நினைத்ததைக் கேட்காமலே திங்கட்கிழமை பஸ்ஸை அனுப்பிவிடுவான். தொப்பி முட்டைக்காரி என்ற பெயர் இவளுக்கு மிஞ்சும்.

கரண்டியைக் கீழே வைத்தாள்.

“பொய் சொல்றான். நான் செஞ்சது இந்தக் குழம்பு ஒண்ணுதான். அத நீங்களே பாத்துட்டீங்க. தூக்குவாளியில வந்தது எதுவும் என் கைபட்டதில்ல. முட்டை, ஆப்பிள், பொரி உருண்டை, எல்லாம் இவன். கோயில் படியில பாராட்டினப்போ வாங்கி வெச்சுக்கிட்டேன். திருப்பிக் குடுக்க மனசு வரல.”

“அப்போ அந்தக் கொண்டை பிஸ்கட்?” என்றாள் நொயெல்லா. “அதுவும் அல்ஃபே மாமா செஞ்சதா? அது ஒடில் அத்தை மூஞ்சின்னு நாங்க...”

“நொயெல்லா!” என்று அதட்டினாள் லொரேன்.

அப்போதுதான் ஒடிலின் கை தானாகக் கொண்டைக்குப் போனது. ரோசேர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. ஜெர்மேன் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, “ஒடில், வாய் திறந்த மாதிரி இருந்துச்சாமே, அப்படியே நீதான்” என்றாள். ஒடில் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள். அப்புறம் அவளுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

லொரேன் மட்டும் சிரிக்கவில்லை. அல்ஃபேவைப் பார்த்தாள்.

“ரெண்டு வாரமா என் பொண்ண சாப்பிட வெச்சது நீங்களா? ஏன் சொல்லல?”

“இன்னைக்குச் சொல்லலாம்னுதான்... எல்லாம் யோசிச்சு வெச்சிருந்தேன். குழம்புல போயிடுச்சு.”

“இப்பச் சொல்லுங்க.”

மேஜை முழுக்க அவனையே பார்த்தது. அல்ஃபேவின் காதும் கழுத்தும் சிவந்தன. கடைசியில் கரண்டியை எடுத்து, “இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?” என்றான்.

ஜெர்மேன் “அட கடவுளே” என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஆனால் லொரேன் அந்தக் கண்றாவிக் குழம்புக்குத் தன் கிண்ணத்தை நீட்டினாள். அவன் ஊற்றினான். அவள் கடைசிச் சொட்டுவரை சாப்பிட்டாள். அந்தக் குழம்பை இன்னொரு தடவை வாங்குகிற பெண் வேறு எதற்காக வாங்குவாள் என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

திங்கட்கிழமை பஸ்ஸில் லொரேன் போகத்தான் செய்தாள். சொல்லி வைத்த வேலை, டிக்கெட்டும் எடுத்தது. அல்ஃபே கிழங்கையெல்லாம் கிட்டங்கியில் சேர்த்து முடித்துவிட்டு, நவம்பர் பிறந்ததும் அதே பஸ்ஸில் கிளம்பினான். அதற்குமுன் அவன் இந்த ஜில்லாவைத் தாண்டியதே கிடையாது. ஜனவரி பிறப்பதற்குள் அங்கேயே கல்யாணம் ஆகிவிட்டது. இந்த வீட்டில் மாவு பிசைய ஆள் இல்லாமல் போனது. ஒடில் கடை ரொட்டி வாங்க ஆரம்பித்தாள். உண்மையைச் சொன்னதில் அவளுக்குக் கிடைத்த லாபம் அதுதான்.

அல்ஃபேவுக்கு இப்போது எழுபத்தாறு வயது. கனெக்டிகட்டில், நொயெல்லா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடி வீட்டில் லொரேனோடு இருக்கிறான்.