பனியில் மடம் கட்டும் கிறேஸ்

"அண்ணை, நில்லுங்கோ! சுவருக்குள்ளால நடக்கிறியள்!"

கணேசலிங்கம் தூக்கிய காலை வைக்காமல் அப்படியே நின்றுவிட்டார். செயின்ட்-மிஷேல் பூங்காவில் முழங்காலளவு பனி. எதிரே சுவரும் இல்லை, கல்லும் இல்லை. கிறேஸின் சப்பாத்துத் தடங்கள் மட்டும் இரட்டைக் கோடாக நீண்டு கிடந்தன. "வாசல் அங்கால கிடக்கு. சுத்தி வாங்கோ." பால் வாங்கப் புறப்பட்ட மனிதர், பாதிப் பூங்காவைச் சுற்றி வந்து இல்லாத வாசலடியில் நின்று, குனிய வேண்டுமா என்று வேறு கேட்டார். "குனியத் தேவையில்லை, யானையே போகும்" என்றாள் கிறேஸ், கொஞ்சமும் சிரிக்காமல்.

ஒவ்வொரு ஜனவரியும் நடக்கிற திருப்பணி இது. இரண்டாவது பெரிய பனி கொட்டி ஓய்ந்த சனிக்கிழமை காலை, ஊதா நிற பூட்ஸும் தேநீர்ப் போத்தலுமாக அவள் பூங்காவில் இறங்கிவிடுவாள். வட இங்கிலாந்தில் யோக்‌ஷயர் என்றொரு பகுதி. எண்ணூறு, தொள்ளாயிரம் வருடங்களுக்கு முன் வெள்ளையங்கி உடுத்த கத்தோலிக்கத் துறவிகள் அங்கே கட்டிய மடங்களில் ஒன்றை, கூட்டாமல் குறைக்காமல் அதே அளவில், காலால் மிதித்து மிதித்து கனடாவின் மொன்றியால் பனியில் வரைவாள். நூறு மீற்றருக்கு மேல் நீளமான கோயில், பக்கத்தில் சதுர முற்றம், முற்றத்தைச் சுற்றி அறைகள். "என்ர மூண்டு காலடி ரெண்டு மீற்றர். அளந்து பாத்திட்டன்." போன வருடம் ஃபவுண்டன்ஸ் மடம், இந்த வருடம் ரீவோ. ஃபவுண்டன்ஸுக்கு முந்தின வருடம் பைலண்ட் மடத்தைப் பாதியில் விடவேண்டி வந்தது. பீடம் வரவேண்டிய இடத்தில் பையன்கள் ஹொக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

ஐம்பத்தாறு வயது, ஐந்தடி உயரம், சொந்த ஊர் மன்னார். குளிர் ஜாக்கெட்டுகளுக்கு ஸிப் வைத்துத் தைக்கும் தொழிற்சாலையில் பத்தொன்பது வருட வேலை. அங்கேயும் அவளுக்கு மடம்தான். சாவிக்கொத்தோடு திரியும் மேற்பார்வையாளர் களஞ்சியச் சுவாமி. விரலில் ஊசி ஏறினால் பிளாஸ்டர் ஒட்டிவிடும் ஹெயிட்டிக்காரி வைத்தியச் சுவாமி. இந்தப் பெண் தினமும் காலையில் "போன்ஜூர், மடாதிபதி ஆகிவிட்டாயா?" என்று பிரெஞ்சில் கேட்பாள். "இன்னும் இல்லை, இப்ப இருக்கிறவர் சாகோணும்" என்று கிறேஸ் தமிழிலேயே பதில் சொல்வாள். அவர்கள் இருவருக்கும் அது போதும்.

இந்தப் பைத்தியம் பிடித்தது பதினொரு வருடங்களுக்கு முன், நூலகத்தில் பழைய புத்தகங்களைக் கழித்து விற்ற ஒரு நாளில். ஒரு பெரிய புத்தகத்தின் அட்டையில் கூரையில்லாத கோயில் ஒன்று. வளைவுகள் மட்டும் நிற்கின்றன, உள்ளே புல் முளைத்திருக்கிறது. கிறேஸ் அந்த இடத்திலேயே காசு கொடுத்து அதை வாங்கினாள். "எங்கட கோயிலைத்தான் ஆரோ படமெடுத்துப் போட்டிருக்கினம் எண்டு நினைச்சன். சண்டையில செல்குண்டு விழுந்த கோயில் அப்பிடித்தானே நிக்கும்?" வீட்டுக்குக் கொண்டுவந்து, பஸ்ஸிலும் மெற்றோவிலும் அகராதியோடு எழுத்துக்கூட்டி வாசித்தாள். செல் இல்லையாம், ஒரு ராசாவாம். மடங்களை மூடி, துறவிகளைக் கலைத்து, கூரையிலிருந்த ஈயத்தைக்கூட உரித்து உருக்கினானாம். மன்னாரில் இருந்த தங்கைக்கு உடனே போன் எடுத்தாள். "எங்களுக்கு மட்டுமில்லையடி! வெள்ளைக்காரருக்கும் நடந்திருக்கு!" அதைவிடப் பெரிய அதிசயம், அந்த இடிபாட்டுக்குள் புல்லை ஒழுங்காக வெட்டி, சனம் பாண் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்து சாப்பிடுகிறது. கூரையில்லாத ஒரு கோயிலை அழாமல் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை.

அந்த ராசாவோடு மட்டும் சமாதானம் இல்லை. எட்டாம் ஹென்றியின் பெயர் எங்கே காதில் விழுந்தாலும் "கட்டையில போவான்" என்பாள். "அவன் போய் ஐநூறு வருசமாகப்போகுதப்பா, விடும்" என்பார் கணவர் றெக்ஸ். "போனதும் காணாது" என்பாள்.

மகள் ஜெயனி பன்னிரண்டு வயதில் ஒரு நாள், தாய் பனியில் மிதித்துக்கொண்டு நின்றதைத் தன் வகுப்புப் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள் என்று அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடியவள். அன்றிலிருந்து பூங்காப் பக்கம் வந்ததில்லை. மடம் என்று பேச்செடுத்தாலே காதில் எதையாவது செருகிக்கொள்வாள். கிறேஸ் அவளை வற்புறுத்தவில்லை. ஆனால் அதை நினைத்தால் தாய்க்கு உள்ளே வலிக்கும்.

அந்த ஜெயனிக்கு, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ விவசாயக் கல்லூரி வளாகத்தில் வேலை செய்யப்போன இடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெடியன் கிடைத்தான். பெயர் பென், ஆடுகளைப் பற்றி ஆராய்ச்சி. ஊர் யோக்‌ஷயர்! கிறேஸ் அவனிடம் கேட்ட முதல் கேள்வி சம்பளமில்லை, சமயமில்லை. "எந்த ஆத்துக்குக் கிட்ட?" ஆற்றங்கரை பார்த்து மடம் கட்டுவதுதான் அந்த வெள்ளையங்கித் துறவிகளின் வழக்கம் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? மாப்பிள்ளையிடம் ஆறு கேட்பது தமிழரின் வழக்கமாக்கும் என்று நினைத்து, றை ஆறு என்றான். கிறேஸ் கதிரையைத் தேடி உட்கார்ந்தாள். றை ஆற்றங்கரையில்தான் ரீவோ. மாப்பிள்ளை கத்தோலிக்கரா என்று பங்குச் சுவாமி விசாரித்தபோதும், "ரீவோவிலயிருந்து மூண்டு மைல், சுவாமி" என்றுதான் பதில் சொன்னாள்.

பென்னின் தாய் ஜனற் சம்பந்தி வீட்டைப் பார்க்க விமானமேறி வந்தாள். ஞாயிறு மத்தியானம் விருந்து. அதற்கு முதல்நாள் ஜெயனி தாயைக் குசினி அடுப்படியில் மறித்தாள்.

"அம்மா, அந்த மனுசி ஒற்றைப் பிள்ளையை இஞ்ச விட்டிட்டுப் போகப்போகுது. எங்களை ஒரு பைத்தியக்காரக் குடும்பம் எண்டு நினைச்சால் நான் என்ன செய்யிறது? ஒரு நாள். ஒரேயொரு நாள் மடத்தைப் பற்றிக் கதையாதேங்கோ."

கிறேஸ் மகளின் முகத்தைப் பார்த்தாள். அழுகைக்குத் தயாரான அதே பன்னிரண்டு வயது முகம். "மடு மாதாவாணை, வாய் திறக்கமாட்டன்" என்றாள். ரீவோவா ஜெயனியா என்றால் ஜெயனிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் இப்படியொரு கேள்வி வந்ததே அநியாயம் என்று றெக்ஸிடம் இரண்டு தரம் சொன்னாள்.

ஜனற் நல்ல மனுசி, சிரித்த முகம். யன்னலடியில் நின்று, பூங்காவில் அந்தக் கோடுகள் என்ன என்று கேட்டாள். ஜெயனி பட்டப்பகலில் திரைச்சீலையை இழுத்து மூடினாள். குழம்பு நிறையக் கணவாய், நண்டுக் கறி, இடியப்பம், வடை எல்லாம் மேசைக்கு வந்தன. உங்கள் ஊர் எப்படி என்று றெக்ஸ் மரியாதைக்குக் கேட்டார். பார்க்க ஒன்றுமில்லை, ரீவோ என்று பழைய இடிபாடு ஒன்று இருக்கிறது, நாயை உலாத்தக் கூட்டிப்போக நல்ல இடம் என்றாள் ஜனற். கிறேஸ் ஒரு வடையை முழுதாக வாய்க்குள் தள்ளினாள். அந்தத் துறவிகள் குடித்துக் கொழுத்த சோம்பேறிகளாம் என்றாள் ஜனற். இரண்டாவது வடை போனது. எட்டாம் ஹென்றி செய்ததிலும் ஒரு நியாயம் இருந்ததாமே? மூன்றாவதும் நான்காவதும் சேர்ந்தே போயின.

"இஞ்சேரும், மூச்சு விடும்" என்றார் றெக்ஸ் மெல்ல. இப்படிச் சாப்பிடுவது இவர்கள் வழக்கமா என்று ஜனற் பென்னிடம் ரகசியமாகக் கேட்டாள்.

வீட்டுக்காரி வாயே திறக்கவில்லையே, என் பேச்சு பிடிக்கவில்லையோ என்று அந்த மனுசிக்கும் முகம் வாடத்தொடங்கியது. எதையாவது சொல்லிச் சமாளிக்க, மேசையிலேயே ரீவோவைக் காட்டத்தொடங்கினாள். மீன் பொரித்து வைத்த நீளத் தட்டுத்தான் கோயில். மடித்த கைதுடைப்பான், முற்றம். துறவிகள் சாப்பிடும் மண்டபம் இது என்று அச்சாறுப் போத்தலைத் தூக்கி, கோயிலோடு ஒட்டி வைத்தாள்.

பிழை! கோயிலோடு ஒட்டியிருப்பது படுக்கைக்கூடம். பாதி இரவில் எழும்பிப் படியிறங்கி நேரே செபத்துக்குப் போகவேண்டுமல்லவா? சாப்பாட்டு மண்டபம் முற்றத்துக்கு மறுகரையில். கிறேஸின் கழுத்து நரம்பு புடைத்தது. வடைத் தட்டு வெறுமையாகிவிட்டது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணால் தண்ணீர் வழிந்தது. நண்டுக் கறியின் உறைப்பாக்கும் என்று பென் ஓடிப்போய்த் தண்ணீர் எடுத்துவந்தான்.

அப்போது மேசையின் மறுபக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது. ஜெயனி அச்சாறுப் போத்தலைத் தூக்கி, முற்றத்தைத் தாண்டிக் கொண்டுபோய், கோயிலுக்கு நேர் எதிரே வைத்தாள். தாயின் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு தன் கிளாசிலிருந்த தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, வெறும் கிளாசைப் போத்தலுக்குப் பக்கத்தில், சமையற்கட்டு நிற்கவேண்டிய இடத்தில் கவிழ்த்து வைத்தாள்.